மேற்படி வாசகர் இன்னும் அழவில்லை

என் மனைவி இறந்து எட்டு வாரம் கழித்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. "பொது நூலகத்திலிருந்து தாங்கள் எடுத்துச் சென்ற குடும்ப, காதல் நாவலை முப்பது நாட்களுக்குள் படித்து, நெகிழ்ந்து, அந்த நெகிழ்ச்சியை எம்மிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மேற்படி வாசகராகிய தாங்கள் இதுநாள்வரை அழுததாகத் தகவல் இல்லை. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நேரில் விளக்கம் தரவும். நூலையும் கொண்டுவரவும்." கீழே வாசகர் நெகிழ்ச்சி வாரியத்தின் முத்திரை. முத்திரையில் ஒரு கண், கண்ணுக்கு அடியில் ஒரு சொட்டு.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக ஊராரை மேலே ஏற்றிக் கீழே இறக்கும் வேலை. நாவல் கீவல் எல்லாம் எனக்கு ஆகாது, படிப்பது அவள்தான். அந்த நாவல் வெளிவந்த வருஷம் ஊரே அதைப் படித்து மூக்கைச் சிந்தியது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமல் விட்ட பேச்சு; அவ்வளவுதான் கதை என்று அவள் சொல்லியிருந்தாள். நூலகத்தில் ஐந்து மாதம் காத்திருந்து வாங்கி வந்தாள். முடிப்பதற்குள் ஒரு மத்தியானம் நெஞ்சுவலி வந்தது. அப்போது நான் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. மேலே ஏறி வந்தபோது பக்கத்து வீட்டக்கா பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார். எல்லாம் முடிந்திருந்தது.

புத்தகம் கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் கிடந்தது. நான் தொடவே இல்லை. எட்டு வாரம் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அதைத் திறந்துகூடப் பார்க்காத மடையன் நான். கடிதம் வந்த மறுநாள் அதை ஒரு துணிப்பையில் போட்டு, இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனேன்.

நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் ஓடவில்லை. தொழில் புத்தி, முதலில் அதைத்தான் பார்த்தேன். தரைத்தளத்தில் வரிசையாகச் சன்னல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை: கண் கலங்கல், தொண்டை அடைத்தல், விம்மல், பேச்சற்றுப் போதல். சுவரில் பெரிய எழுத்தில், வெங்காயம் கொண்டுவரத் தடை.

எனக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர் நின்றிருந்தார். அவருடைய படிவத்தைச் சன்னலிலிருந்த அம்மாள் திருப்பித் தள்ளினார்.

"பன்னெண்டாம் பக்கத்துல அழுதிருக்கீங்க. அங்க அழுறதுக்கு ஒண்ணுமே இல்லியே?"

"அந்தக் கொழந்த பேரும் எம் பொண்ணு பேரும் ஒண்ணும்மா. அவ இப்ப இல்ல..."

"அப்ப அது சொந்த அழுகை. நாவலுக்கான அழுகை இல்ல. சொந்த அழுகைக்கு எங்க துறையில இடம் கெடையாது. எரநூத்தி எண்பத்தேழாம் பக்கத்துலதான் அழணும்னு நிபுணர் குழு முடிவு பண்ணியிருக்கு. திரும்பப் படிச்சிட்டு வாங்க."

கண்டக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எத்தனாம் பக்கத்துல எறந்தாங்கன்னு இதுல போடலியே?"

"என்னம்மா கேக்கறீங்க?"

"எரநூத்தி எண்பத்தேழுக்கு முன்னாடி எறந்திருந்தா வெலக்கு உண்டு. அதத் தாண்டிட்டாங்கன்னா அழுதிருக்கணும். அழுதும் பதியலன்னா அந்தக் கடமை வாரிசுக்கு வந்துரும். வாரிசு நீங்கதானே?"

"நாந்தாம்மா."

"புத்தகத்தக் குடுங்க." திறந்தார். இரண்டு தாள் புரட்டியதும் சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். "ஐயய்யோ, பென்சில்!"

அதற்குள் ஒலிபெருக்கியில் வாரியத் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். தினமும் பதினொரு மணிக்குப் பேசுவாராம். உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்றார்கள்.

"அன்பு வாசகர்களே! நான் அந்த நாவலப் படிக்கல. படிக்கவும் மாட்டேன். படிச்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும், நடுநிலைமை போயிரும். எம் பொண்ணு நாலு வருஷமா எங்கூடப் பேசறதில்ல. அதுக்காக ஒரு நாள் நான் லீவு போட்டிருப்பனா? வேலைன்னு வந்துட்டா குடும்பம் கிடும்பம்னு பாக்கமாட்டேன். ஏன்னா, குடும்பப் பாசத்தோட அரும பெரும தெரிஞ்சவன் நான். போன வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் அழுதாங்க. மீதி நாலு பேரையும் அழ வெச்சோம்." எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் பேச்சற்றுப் போதல் சன்னலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

என்னை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். படியேறினேன். அங்கே சரிபார்ப்பாளர் என்று ஒருவர், சட்டைப்பையில் நான்கு பேனா. என் மனைவியின் புத்தகத்தை மேசையில் வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு புரட்டினார்.

"பதிவு செய்யப்படாத நெகிழ்ச்சி. மொத்தம் அறுபத்துமூணு எடத்துல எழுதியிருக்காங்க. கடைசியா எழுதுன பக்கம் முந்நூத்தி முப்பத்தொண்ணு. ஆக, எரநூத்தி எண்பத்தேழ ஜம்முனு தாண்டியிருக்காங்க. மாதிரிக்கு நாலு குறிப்ப வாசிக்கிறேன். அவங்க எழுத்துதானான்னு சொல்லுங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரேஷன் அட்டை எண் படிப்பதுபோல் படித்தார்.

"பக்கம் ஒம்பது. 'ஆரம்பமே மழை. இது உருப்படுமா?'"

அவளேதான். அந்த ஆளின் வாய்க்குள்ளிருந்து அவள் பேசினாள்.

"பக்கம் இருவத்திமூணு. 'அடியே, அதுக்குள்ள ஏன்டி மன்னிக்கிற? ரெண்டு நாள் காயப் போடு.'"

"அவதாங்க."

"பக்கம் அம்பத்தெட்டு. 'எங்க வீட்டு ஆளும் இப்படித்தான். லிஃப்ட்டோட பேசுவாரு, எங்கிட்டப் பேசமாட்டாரு.' எங்க வீட்டு ஆளுங்கறது யாரு?"

"நாந்தான்."

"லிஃப்ட்டோட பேசுவீங்களா?"

"வேலை செய்யறப்ப ரெண்டு வார்த்த சொல்றதுதாங்க. ஏறு கண்ணு, நில்லு கண்ணுன்னு."

அதையும் எழுதிக்கொண்டார். "பக்கம் எரநூத்தி எண்பத்தேழு." இங்கே அவருக்கே குரல் ஏறியது. "'இதுக்கெல்லாம் உக்காந்து அழுதா வீட்டு வேலைய யார் பாக்கறது?'" புத்தகத்தை மூடினார். "ரொம்ப மோசம். நிபுணர் குழுவுக்கே சவால். வாரிசுங்கற முறையில நீங்க இத ஈடு கட்டணும். மாசம் பதினேழாம் தேதி, அரை மணி நேரம், நெகிழ்ச்சி அறையில உக்காந்து படிக்கணும். அழுத அன்னிக்குக் கோப்ப மூடிடுவோம்."

"மூடிட்டா புத்தகம் எனக்குக் கெடைக்குமாங்க? வேற புதுசு வாங்கிக் குடுத்துடறேன். இது ஒண்ணு மட்டும்..."

"பொதுச் சொத்து. அழிப்புப் பிரிவுக்குப் போகும்."

அழிப்புப் பிரிவு அதே மாடியில் கடைசி அறை. அங்கே ஒரே ஒரு ஆள்தான். எல்லோரும் அவரை ரப்பர் என்றே கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன், எனக்குத் தண்ணீர் கொடுத்தார். முன்னால் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து யாருடைய வரிகளையோ தேய்த்துக்கொண்டே பேசினார். மேசையெல்லாம் கறுப்புத் துருவல்.

"கவலப்படாதீங்க சார். நான் கை வெச்சா தாள்ல ஒரு கீறல் இருக்காது. நூத்தி நாப்பது பக்கம் ஒருத்தி பொலம்பி வெச்சிருந்தா, ஒரே மத்தியானத்துல தொடச்சு விட்டேன். உங்க வீட்டம்மா லேசாத்தான் எழுதியிருக்காங்க. அரை மணி நேர வேலை. எழுதுன தடமே தெரியாது." ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு ஃபூ என்று ஊதினார்.

"எப்ப அழிப்பீங்க?"

"நீங்க அழுத அன்னிக்கு சாயந்திரமே. அதுவரைக்கும் கோப்பு தெறந்திருக்கும். தெறந்திருக்கற கோப்புல ஒரு புள்ளியத் தொட்டாக்கூட எனக்கு வேல போயிரும்."

மூன்று மாடி இறங்கி வந்தேன். ஒவ்வொரு படியிலும் தொண்டைக்குள் உருண்டை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் அதை விழுங்கினேன். அவளுடைய ஐம்பத்தொன்பது குறிப்புகளை நான் இன்னும் படிக்கவில்லை. அழுதால் போச்சு. கணக்கு அவ்வளவு சுலபம்.

நெகிழ்ச்சி அறையில் ஒரு மேசை, நான்கைந்து நாற்காலி, திறக்க முடியாத ஒரு சன்னல். வாசலிலேயே போனையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதிவு செய்யப்படாத நெகிழ்ச்சியைப் படியெடுப்பது குற்றம். எதிரே கவனிப்பாளர் என்று ஒரு பெண் உட்கார்ந்திருப்பார், கையில் டார்ச். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என் கண்ணில் அடித்துப் பார்த்து, "ஈரம் இல்ல" என்று எழுதுவார்.

அழாமலிருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். லிஃப்ட் பெட்டி ஏறி இறங்க மறுபக்கம் ஓர் எதிர் எடை தொங்கும். பெட்டியின் எடையோடு, அது தூக்கும் சுமையில் பாதியைக் கூட்டினால் அந்த எதிர் எடை வரும். பெட்டி எண்ணூறு கிலோ, சுமை அறுநூறு, பாதி முந்நூறு, ஆக ஆயிரத்து நூறு. பெட்டி தொள்ளாயிரம், சுமை ஆயிரம், பாதி ஐந்நூறு. இதை ஓட்டிக்கொண்டே படிப்பேன். உருண்டை மேலே வராது.

முதல் மாதம் ஆறு குறிப்பு. எல்லாம் கதாபாத்திரங்களுக்கு அவள் விட்ட திட்டு. "பொய். எந்த ஆம்பள இப்படிச் சொல்லியிருக்கான்?" என்று ஒன்று. இரண்டாம் மாதம் ஏழு. நூற்று நாற்பதாம் பக்கத்தில் கதையைப் பற்றி எதுவுமே இல்லை: "உப்பு. பல்பு ரெண்டு. அவருக்கு முதுகு வலித் தைலம்." அன்று ஐந்து லிஃப்ட்டுக்கு எதிர் எடை கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தத் தைலம் தீர்ந்து நான் புதுசு வாங்கவில்லை.

வேகமாகப் படித்தால் தீர்ந்துவிடும் என்று மெதுவாகப் படித்தேன். ஒரு குறிப்பைப் படித்தால் ஒரு மாதம் அது போதும். வேலையில் குழிக்குள் நிற்கும்போது அது காதில் விழும். ஆளில்லாத மாடியில் லிஃப்ட் தானாக நின்று கதவைத் திறக்கும், பார்த்திருப்பீர்கள். பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் யாராவது அழுத்திவிட்டுப் படியில் போயிருப்பார்கள். நான் ஆயிரம் தடவை சரி செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் அப்படிக் கதவு திறந்தால் நான் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விடுகிறேன். மூடியதும் ஏறு கண்ணு என்று சொல்ல வாயெடுத்து, ஐம்பத்தெட்டாம் பக்கம் ஞாபகம் வந்து, "எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்கிறேன். பதில் வராது. ஆனால் கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, இருபத்தாறு வருஷம் தாமதமாக.

வாரியம் சும்மா இருக்குமா? நான்காம் மாதம் அறைக்குள் சோக வாத்தியம் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் அழுகைப் பயிற்றுநர் ஒருவர் வந்தார். "கீழுதட்ட லேசா நடுங்க விடுங்க. இப்ப உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர நெனச்சுக்குங்க. நெனச்சீங்களா? இப்ப அவங்க இல்லேன்னு வெச்சுக்குங்க" என்றார். வைத்துக்கொண்டேன் என்றேன். "ஒண்ணும் வரலியா?" வரவில்லை என்றேன். அவர் தன் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, இருபது வருஷத்தில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறாம் மாதம் பக்கத்து நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கேட்டால், அந்த நாவலை எழுதியவரே அவர்தான். அவரும் ஒரு பிரதி வைத்திருக்கிறாரே, அதற்குப் பதிவு வேண்டாமா?

"எழுதறப்பவே அழுதுட்டேம்மா" என்று அவர் கவனிப்பாளரிடம் கெஞ்சினார்.

"சாட்சி இருக்கா?"

"தனியா உக்காந்துதானேம்மா எழுதினேன்."

"அப்ப செல்லாது. படிங்க."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு தன் நாவலையே புரட்டினார். சற்று நேரம் கழித்து என் புத்தகத்தின் ஓரத்தை எட்டிப் பார்த்தார். இருநூற்று மூன்றாம் பக்கம்: "இத அவருக்குப் படிச்சுக் காட்டணும்னு எடுத்துட்டு வந்தேன். தூங்கிட்டாரு. பாவம், பன்னெண்டு மணி நேரம் வேலை." அதைப் படித்துவிட்டு அந்த எழுத்தாளர் விக்கி விக்கி அழுதார். உடனே மணி அடித்து, அவர் கோப்பை மூடி, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நான் ஆயிரத்து அறுநூறு கிலோ மருத்துவமனை லிஃப்ட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கலாம். நான் ஒன்றும் கடித்துவிடமாட்டேன். அந்த ராத்திரி எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் முடிவில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். "இந்நூலில் உள்ள எதுவும் என்னைத் தொடவில்லை. இதில் உள்ள எவர் மீதும் எனக்கு அன்பு ஏற்படவில்லை." மாதாமாதம் கையெழுத்துப் போட்டேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை பேனா ஓடவில்லை. பிறகு ஓடியது.

ஒன்பதாம் மாதம் தலைவரே அறைக்கு வந்துவிட்டார். வருஷாந்திர அறிக்கை அச்சுக்குப் போக வேண்டுமாம். நூற்றுக்கு நூறு என்று தலைப்பும் போட்டாகிவிட்டதாம்.

"நீங்க ஒருத்தர்தான்யா பாக்கி! அந்த பஸ் கண்டக்டர் இருக்காரே, அவர் எரநூத்தி எண்பத்தேழுல முறையா அழுது பரிசே வாங்கிட்டாரு. உங்களுக்கு என்ன கேடு? நெஞ்சா அது, கருங்கல்லா? கூட வாழ்ந்த மனுஷி ஒருத்தி திடீர்னு போயிட்டா எப்படி இருக்கும்? கொஞ்சம் கற்பன பண்ணிப் பாருங்க!"

"வரலீங்க."

"கற்பனையே வராத ஆளுக்கு நாவல் எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்துக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கவனிப்பாளர் டார்ச்சை எடுத்தார். எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு குறிப்பு.

முந்நூற்று முப்பத்தோராம் பக்கம். கதையில் புருஷன் கதவுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஏதோ சொல்லப் போகிறாள். ஓரத்தில் என் மனைவியின் எழுத்து, அவசரத்தில் சாய்ந்திருந்தது. "நீ அப்படியே இரு. அடுப்புல பால் வெச்சிருக்கேன். எறக்கி வெச்சிட்டு வந்துடறேன்."

அன்று நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது அடுப்பை யாரோ அணைத்திருந்தார்கள். பால் தீய்ந்து பாத்திரம் அடியோடு கறுத்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தேன். யார் வைத்தது, ஏன் இறக்கவில்லை என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. எங்கள் கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினோரு அடி. ஆபத்து என்று ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து, அந்தப் பெண் புருஷனிடம் என்ன சொல்கிறாள் என்று பார்க்கப் போகிறோம் என்றுதான் எழுந்திருக்கிறாள்.

பெட்டி எண்ணூறு. சுமை அறுநூறு. பாதி முந்நூறு. பெட்டி எண்ணூறு. சுமை அறுநூறு. பாதி. பெட்டி.

டார்ச் வெளிச்சம் வலக் கண்ணில் விழுந்தது, பிறகு இடக் கண்ணில். நிறைய நேரம் நின்றது.

"ஈரம் இல்ல சார்" என்றார் கவனிப்பாளர்.

தலைவர் எழுந்தார். "உம்மையெல்லாம் கட்டிக்கிட்டு ஒருத்தி எப்படித்தான் காலந்தள்ளினாளோ!" என்று கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அறிக்கையில் நூற்றுக்கு நூறு என்பதை அடித்து, கிட்டத்தட்ட என்று சேர்க்கச் சொல்லி வெளியே அவர் கத்துவது கேட்டது. நான் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். எவர் மீதும் எனக்கு அன்பு ஏற்படவில்லை. கோப்பு திறந்தே இருந்தது. ரப்பர் எதிரே வந்து, "இன்னிக்கும் இல்லியா சார்?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

வெளியே வந்து சாலையைக் கடந்து, அடைத்திருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தேன். இங்கே டார்ச் இல்லை, கோப்பு இல்லை. ஒன்பது மாதத்தையும் சேர்த்து இங்கே அழுது தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் முகத்தை நினைத்தேன். பெட்டி எண்ணூறு என்று வந்தது. அவள் குரலை நினைத்தேன். சுமை அறுநூறு, பாதி முந்நூறு. பயிற்றுநர் சொன்னபடி கீழுதட்டைக்கூட நடுங்க விட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனேன். அடுத்த பதினேழாம் தேதி மறுபடியும் ஒன்பதாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.